கசகசா இல்லாத முடிச்சு

திருப்பதி பஸ்ஸின் கடைசி சீட்டுக்கு அடியில் கிடைத்த அந்தத் துணி முடிச்சு ஒரு எலுமிச்சம்பழ அளவுகூட இல்லை. அதில் இருந்த துண்டுச் சீட்டின் கையெழுத்தை நம்பி இரண்டு போலீஸ் ஜீப்புகள் நகரியைத் தாண்டிப் போய்விட்டன. கல்குவாரிக் குட்டையில் நேற்று முழுக்க முங்கித் தேடிய தீயணைப்புக்காரர்கள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். காணாமல்போன அபி தண்ணீருக்குள் இல்லை, பஸ் ஏறி ஆந்திரப் பக்கம் போயிருக்கிறாள் என்று காலையிலேயே முடிவாகிவிட்டது.

துப்பறியும் கரீமுல்லா மட்டும் எல்லையைத் தாண்டவில்லை.

"இன்னா பாய், தெலுங்கு வராதுன்னு பயமா?" என்றாள் அவருடைய உதவியாளர் புவனா. பொதட்டூர்பேட்டையில் தறிச் சத்தத்துக்கு நடுவே பிறந்து வளர்ந்தவள். மெதுவாகப் பேசினால் யாருக்கும் கேட்காது என்ற நினைப்பு இன்னும் அவளை விட்டுப் போகவில்லை.

"முடிச்சு ஈரமா கீதும்மா. வூட்ட விட்டு ஓடிப்போறவ நடுவுல உக்காந்து மண்ணக் கழுவிகினு இருப்பாளா?"

கே.ஜி.கண்டிகையில் அபி வாடகைக்கு எடுத்திருந்த வீட்டின் முன்னறையில் இருவரும் நின்றிருந்தார்கள். அறை முழுக்க மண் மூட்டைகள். குறுக்கே கட்டிய கொடியில் துணிக்குப் பதிலாகச் சின்னச் சின்ன முடிச்சுகள் காய்ந்துகொண்டிருந்தன. அபி தேடியது பொற்காசு அல்ல. மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் இந்த மலையடிவாரத்தில் இருந்தவர்கள் எதை விதைத்தார்கள், எதை ஆக்கித் தின்றார்கள் என்று, அவர்கள் அடுப்பில் தவறி விழுந்து கருகிய தானியத்தை வைத்துச் சொல்கிற படிப்பு அவளுடையது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊசி போட்டுக்கொண்டு, இட்லி தின்றுவிட்டு, மத்தியானத்துக்குள் வந்துவிடுகிறேன் என்று அறைத்தோழி அஃப்ஷானிடம் சொல்லிவிட்டுப் போனவள். திங்கட்கிழமை வார் அறுந்த அவளுடைய ஒற்றைச் செருப்பு குவாரிக் குட்டையின் கரையில் கிடைத்தது. இன்று செவ்வாய்.

ஊசி என்றால் இன்சுலின். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே அவளுக்கு அது இல்லாமல் ஒரு நாள் கிடையாது. இரண்டு நாள் தாண்டினால் நான் எதுவும் சொல்வதற்கில்லை என்று டாக்டர் கைவிரித்திருந்தார். அந்த இரண்டு நாள் இன்று காலையோடு தீர்ந்துவிட்டது. அவளுடைய மருந்துப் பேனா ஒரு ஐஸ் பிளாஸ்க்குக்குள் இருந்தது. பிளாஸ்க் அவள் அப்பாவின் மடியில் இருந்தது.

அம்மையார்குப்பத்தில் விசைத்தறி ஓட்டும் சாமிநாதன், வாசற்படியில் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஒரே பெண். நேற்று சாயங்காலம் கோயில் மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். பெண் கிடைத்தால் முடி தருகிறேன் என்று வேண்டிக்கொண்டு காத்திருக்க அவருக்குப் பொறுமை இல்லை. முன்கூட்டியே கொடுத்துவிட்டார். தலையில் பூசிய சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. ஐஸ் கரையக் கரைய எதிர் டீக்கடைக்குப் போய்ப் புது ஐஸ் போட்டுக்கொண்டு வருவதைத் தவிர அந்த இரண்டு நாளில் அவர் வேறு வேலை பார்த்ததாகத் தெரியவில்லை.

அப்படித்தான் கரீமுல்லா நினைத்துக்கொண்டிருந்தார்.

"பிரிக்கட்டுங்களா சார்?" என்றாள் அஃப்ஷான். அவளும் அதே படிப்பு. எஸ்.ஐ. முடிச்சைப் படம் எடுத்துக்கொண்டு, உள்ளே இருப்பதைப் பார்த்துச் சொல்லும்படி அவளிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

"பிரிம்மா. பிரிச்சுகினே சொல்லு. எனக்குப் பஞ்சர் ஒட்டறவனுக்குச் சொல்ற மாதிரி சொல்லு."

"மண்ணை டிரம்முல இருக்கற தண்ணில கொட்டுவோம். மண்ணு, கல்லு அடியில போயிடும். கருகின தானியம் லேசு, மேல மிதக்கும். அதை வழிய விட்டு மல் துணியில பிடிச்சு, முடிஞ்சு, நிழல்ல காயப்போடுவோம். அவ்வளவுதான். கருகினது பழசு, கருகாதது புதுசு. கருகாத விதை இத்தனை காலம் மண்ணுல தாங்காது, மக்கிடும்."

"எங்கம்மா தோசை சுட்டா அது மூவாயிரம் வருஷம் நிக்கும்னு சொல்லுங்க" என்றாள் புவனா.

அஃப்ஷான் சிரிக்கவில்லை. தூரிகை நுனியால் ஒவ்வொன்றாக ஒதுக்கிக்கொண்டே வந்தாள். கருகிய கொள்ளு ஒரு பக்கம். கருகிய சாமை ஒரு பக்கம். கருகாத பொடிப்பொடியான மஞ்சள் விதைகள், கொஞ்சம் அதிகமாகவே, ஒரு பக்கம்.

"இது அத்தி விதை. புதுசு. எதுக்கும் உதவாது" என்று அதைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினாள். பிறகு நிமிர்ந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"சார், இது அபி செஞ்சதில்ல."

"எப்படிச் சொல்ற?"

"கசகசா இல்ல."

புவனா வாயைத் திறந்தாள். கரீமுல்லா கையைக் காட்டினார். மூடிக்கொண்டாள்.

"அபி ஒவ்வொரு தடவையும் மண்ணைக் கொட்டறதுக்கு முன்ன, கருக்கின கசகசா ஐம்பது எண்ணிப் போடுவா. மிதந்து வந்ததுல எத்தனை திரும்பி வருதுன்னு எண்ணுவா. நாப்பத்தஞ்சு வந்தா வேலை சுத்தம். இருபதுதான் வந்ததுன்னா எங்கயோ தானியம் நழுவிப் போகுதுன்னு அர்த்தம். வேலை செய்யறவங்களுக்கே தெரியாம போடுவா. தெரிஞ்சா அவங்க ஜாக்கிரதையா செய்வாங்க, அப்புறம் அது சோதனை இல்ல. எனக்கு மட்டும்தான் தெரியும்."

"மறந்திருந்தா?"

"சாப்பிட மறப்பா சார். இத மறக்க மாட்டா."

"அப்போ இது யாரோ ஜோடிச்சது" என்றார் கரீமுல்லா. "அவ ஊரைத் தாண்டிட்டான்னு நாம நம்பணும்னு."

"இன்னொண்ணு. இந்தத் துண்டுச் சீட்டுல குழி எண் இல்ல. எழுத்து அபியோடதுதான். ஆனா எண் போடாம ஒரு மூட்டை கட்டினதே கிடையாது அவ." அஃப்ஷான் குனிந்து மறுபடி பார்த்தாள். "இதுல முடி இருக்கு சார்."

"முடியா?"

"மனுஷ முடி. பொடிப்பொடியா. நரைச்சதும் கறுத்ததும். கூடவே ஏதோ மஞ்சளா ஒட்டிகினு இருக்கு."

கரீமுல்லா துணியை மூக்கருகே கொண்டுபோனார். சந்தனம்.

"அந்தக் காலத்துலயே இங்க மொட்டை போட்டாங்களா பாய்?" என்றாள் புவனா.

"கருகாதது புதுசுன்னு இப்பதான சொன்னாங்க? தண்ணி புதுசு. மொட்டை போட்டவங்க தலைய அலசின தொட்டியில யாரோ மண்ணை மிதக்கவிட்டிருக்கான்."

புவனா விரல் சொடுக்கினாள். "அகழாய்வுக்குத் தலைவரு வரதராஜன்! பொய்கைக்குப் பின்னாடி விடுதியிலதான கீறாரு? மொட்டை போடற எடத்துக்கு அடுத்த தெரு. அபிக்கும் அவருக்கும் போன வாரம் சண்டைன்னு நீங்களே சொன்னீங்களே அஃப்ஷான்!"

"அனுமதி இல்லாத இடத்துல கை வைக்காதேன்னு கத்தினார்" என்றாள் அஃப்ஷான் தயங்கியபடி.

வாசற்படியில் பிளாஸ்க்கின் மூடி திருகும் சத்தம் கேட்டது. சாமிநாதன் எழுந்து நின்றிருந்தார். "நானும் வரேன் பாய்" என்றார். அவ்வளவு நேரமும் அவர் உள்ளே ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை என்பது கரீமுல்லாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

கிருத்திகைக் கூட்டம். மலையடிவாரத்தில் பைக்கை உருட்டத்தான் முடிந்தது. காவடிகளுக்கும் கரும்புச்சாறு வண்டிகளுக்கும் நடுவே எங்கு பார்த்தாலும் சந்தனம் பூசிய மொட்டைகள். பெரியது, சின்னது, தூக்கத்தில் தொங்கும் கைக்குழந்தையுடையது. புவனா முன்னால் வழி விலக்கிக்கொண்டு போனாள். சாமிநாதனைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு கணம் அவர் தலை எது என்று அவளுக்கே தெரியவில்லை. பிளாஸ்க்கை வைத்துத்தான் அடையாளம் கண்டாள்.

விடுதி வாசலில் சாமிநாதன் நின்றுவிட்டார். "நீங்க போய்ட்டு வாங்க. நான் இங்கயே நிக்கறேன்."

விடுதியின் கொல்லையில் ஒரு சிமென்ட் தொட்டி இருந்தது. குளித்துவிட்டுப் போனவர்களின் முடி தண்ணீரின் மேல் நுரையோடு சுற்றிக்கொண்டிருந்தது. தொட்டியின் ஓரத்தில் களிமண் கறை. கரீமுல்லா விரலால் தொட்டுப் பார்த்தார். அபி வீட்டு மூட்டைகளில் இருந்த சாம்பல் நிற மண் அல்ல. இது கறுப்பு. பிசுபிசுத்தது.

"அதை ஏன் கேக்கறீங்க சார்!" என்று புலம்பினார் விடுதி மேனேஜர் பச்சையப்பன். "நேத்து சாயங்காலம் ஒரு ஆளு ஒரு பை மண்ணக் கொண்டாந்து இதுல கொட்டிகினு இருந்தாரு. அடைச்சுக்கும்யான்னு கத்தறேன், காதுலயே போட்டுக்கல. மேல மிதந்தத வெள்ளைத் துணியில வாரிகினு போய்ட்டாரு. அடியில கெடந்த சேத்த நான்தான் அள்ளிப் போட்டேன்."

"உங்க விடுதியில தங்கியிருக்கற வரதராஜன் சாரா?"

"அவரா? அவரு மெட்ராஸ்ல மீட்டிங்னு சனிக்கிழமை போனவரு, இன்னும் வரல. இது வேற ஆளு. குளிக்க வந்தவரு."

"அடையாளம் சொல்லுங்க."

"மொட்டை."

"வேற?"

பச்சையப்பன் தெருப்பக்கம் கையை விரித்துக் காட்டினார். "நீங்களே பாருங்க சார். இன்னிக்கி எங்கூர்ல வேற இன்னா அடையாளம் சொல்ல முடியும்?"

புவனா தலையில் கை வைத்துக்கொண்டாள். ஒரே நூல் இருந்தது, அதுவும் ஆயிரம் மொட்டைகளுக்கு நடுவே அறுந்துவிட்டது. எங்கோ மேளம் கேட்டது. கரீமுல்லாவுக்கு அது தன் நெஞ்சுக்குள் கேட்பதுபோல் இருந்தது. அந்தப் பெண் எங்கோ நாக்கு வறண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கிறாள். அல்லது கிடந்தாள்.

"ஒண்ணு சொல்லலாம்" என்றார் பச்சையப்பன், திரும்பிப் போகும்போது. "அந்த ஆளு அழுதுகினே இருந்தாரு சார். மண்ணக் கொட்டிகினே அழுதாரு. அதனாலதான் நான் ரொம்பத் திட்டல."

கரீமுல்லா அப்படியே நின்றார்.

அவருடைய மனைவி ஹுசைனா இறந்துபோய் இரண்டு வருஷம் ஆகிறது. அவளுடைய செல்போன் எண்ணுக்கு அவர் இன்றும் மாதாமாதம் ரீசார்ஜ் செய்கிறார். புவனாவுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. எப்போதாவது அரக்கோணத்து வீட்டில் இருந்து அந்த எண்ணை அழைப்பார். அலமாரிக்குள் மணி அடிக்கும். அடிக்கிற வரைக்கும் ஒரு நம்பிக்கை. 'இந்த எண் உபயோகத்தில் இல்லை' என்று ஒரு குரல் சொல்லிவிட்டால் அவ்வளவுதான் என்று ஒரு பயம்.

வாசலுக்கு வந்தார். சாமிநாதன் பிளாஸ்க்கைத் திறந்து ஐஸ் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாமிநாதன், மல் துணி உங்க தறியில ஓட்டினதுதானே?"

சாமிநாதன் பிளாஸ்க்கின் மூடியைத் திருகினார்.

"அபி வூட்டுக்கு வரும்போதெல்லாம் மண்ணை மிதக்கவிடறத பாத்திருக்கீங்க. முடிச்சு போடக் கத்துகினீங்க. கசகசா போடறத மட்டும் உங்களுக்கும் சொல்லல அவ."

"இன்னா பாய் சொல்றீங்க!" என்று பதறினாள் புவனா. "பெத்தவரு பாய் அவரு!"

"பெத்தவருதாம்மா. அதனாலதான்."

சாமிநாதன் நடைபாதையிலேயே உட்கார்ந்தார். பிளாஸ்க்கை மட்டும் மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

"நேத்து சாயங்காலம் தண்ணிக்குள்ள எறங்கினவங்க மேல வந்து, நாளைக்கி தானா மெதந்து வந்துரும்னு சொன்னாங்க பாய். 'வந்துரும்'னாங்க. வருவான்னு சொல்லல. எஸ்.ஐ. தொப்பியக் கழட்டினாரு. நீங்களும் அந்தத் தண்ணியவே பாத்துகினு நின்னீங்க." அவர் குரல் உடைந்தது. "எல்லாரும் கைய ஒதறிட்டா எம்பொண்ண யாரு தேடுவா? அவ பஸ் ஏறிட்டான்னா உசுரோட கீறான்னுதானே அர்த்தம்? அப்புறம் தேடித்தானே ஆவணும்? அதான் காலையில மொத பஸ்ல ஏறி, சீட்டுக்கடியில வெச்சிட்டு, அடுத்த ஸ்டாப்புல எறங்கிட்டேன்."

புவனா அவர்மேல் வெயில் படாமல் குறுக்கே வந்து நின்றாள்.

"தப்பா பாய்? எல்லாரையும் வேற பக்கம் அனுப்பிட்டேனா? நானே எம்பொண்ண..."

கரீமுல்லா அவர் எதிரில் குந்தினார். திட்டுவதற்கு நேரம் இல்லை. திட்டுகிற யோக்கியதை தனக்கு இருப்பதாகவும் அவருக்குத் தோன்றவில்லை.

"அந்த மண்ணு ஏது?"

"ஆங்?"

"முடிச்சு பொய். ஆனா அதுக்குள்ள கருகின கொள்ளு நெஜம், சாமை நெஜம். நீங்க தொட்டியில கொட்டின மண்ணு ஏது?"

"அபி வூட்டுக் கதவாண்ட ஒரு பை இருந்திச்சு பாய். சனிக்கிழமை ராத்திரி நான் பாக்க வந்தப்பதான் அபி அதைத் தூக்கிகினு வந்தா. 'தொடாத நைனா, இத்தனை நாளு தேடினது இதுலதான் கீது'ன்னா. அவ சீட்டும் அதுலயே இருந்திச்சு. அவ தொட்ட மண்ணா இருக்கட்டும்னுதான் அதை எடுத்தேன்."

கரீமுல்லா எழுந்துவிட்டார். போனை எடுத்து அஃப்ஷானை அழைத்தார்.

"நீ ஓரமாத் தள்ளினியே, அத்தி விதை. உங்க அகழாய்வுக் குழியாண்ட அத்தி மரம் கீதா?"

"இல்ல சார். வெறும் பொட்டல். ஒரு மரம் கிடையாது."

"மத்த முடிச்சுங்கள்ல அத்தி விதை வந்திருக்கா?"

"ஒண்ணு ரெண்டுகூட வந்ததில்ல." அவள் நிறுத்தினாள். "இதுல ஒரு சிட்டிகை நிறைய இருக்கு. சார், இது கொத்துக் கொத்தா ஒட்டிகினு இருக்கு. எச்சம் மாதிரி."

"தொட்டியாண்டயும் அத்தி மரம் இல்ல" என்றாள் புவனா, கொல்லையைத் திரும்பிப் பார்த்து.

"அப்ப அது மண்ணோடவே வந்தது. வேற எடத்து மண்ணு. அதான் சீட்டுல குழி எண் இல்ல. அனுமதி இல்லாத எடம், அதான் லீவு நாள்ல தனியா போனா." கரீமுல்லாவின் பேச்சு வேகமெடுத்தது. "குருவி தின்னா அங்க ஒண்ணு இங்க ஒண்ணு போடும். ராத்திரி பூரா அத்திப்பழம் தின்னுட்டு வந்து, ஒரே எடத்துல, வருஷக்கணக்கா எச்சம் போடறது எது?"

புவனாவின் கண்கள் விரிந்தன. "வவ்வா!"

"நேத்து குட்டையாண்ட நின்னுகினு நீ இன்னா சொன்ன?"

"யாரோ மலை மேல கரித்துணிய ஒதர்ற மாதிரி வவ்வா வருது பாய்னு சொன்னேன். குட்டைக்கு நேர் மேல, அந்தப் பாறை வெடிப்புல இருந்து. நீங்ககூட இப்ப ஜோக்கு வாணாம்னு..." அவள் பேச்சை விழுங்கினாள். "செருப்பு! வார் பிஞ்சிருந்திச்சே பாய். பிஞ்ச செருப்பக் கழட்டிப் போட்டுட்டு மேல ஏறியிருக்கா. நாம கீழ தண்ணியப் பாத்துகினு..."

மூவரும் ஒரே பைக்கில் போனார்கள். 108-க்கும் எஸ்.ஐ.க்கும் புவனா பின்னால் இருந்தபடி போனில் கத்திக்கொண்டே வந்தாள். இந்தத் தடவை அவள் சத்தம் உதவியது. நடுவில் உட்கார்ந்திருந்த சாமிநாதன் பிளாஸ்க்கை இரு கையாலும் பிடித்திருந்தார். பிளாஸ்க்குக்குள் ஐஸ் குலுங்கும் சத்தம் மட்டும் கரீமுல்லாவின் முதுகில் பட்டுக்கொண்டே இருந்தது.

குவாரிக் குட்டை ஆள் அரவமற்றுக் கிடந்தது. உச்சி வெயில். கரையில் தீயணைப்புக்காரர்கள் விட்டுப்போன தண்ணீர்ப் பாக்கெட்டுகள். ஜீப்புகள் இங்கிருந்து எத்தனையோ தூரத்தில், எங்கோ ஒரு பஸ் நிலையத்தில் அபியின் போட்டோவைக் காட்டிக்கொண்டிருக்கும்.

கரீமுல்லா மேலே பார்த்தார். பாறை வெடிப்பு ஒரு கறுப்புக் கோடாகத் தெரிந்தது. ஏறிப் போய்ப் பார்க்காத வரைக்கும் அவள் இருக்கிறாள். பார்த்துவிட்டால்?

"பாய்" என்றாள் புவனா. அவள் குரல் இவ்வளவு தணிந்து அவர் கேட்டதில்லை. "அங்க பாருங்க."

வெடிப்பிலிருந்து ஒரு வௌவால் வெளியே வந்தது. வெயில் தாளாமல் தடுமாறி, வட்டமடித்து, உள்ளே போயிற்று. பிறகு இன்னொன்று. பிறகு ஏழெட்டு ஒன்றாக.

"பகல்ல வெளிய வராதே அது" என்றார் கரீமுல்லா. "உள்ள யாரோ கல்லெறியறாங்கம்மா. தூங்க விடாம, யாரோ கல்லெறிஞ்சுகினே கீறாங்க."

அவர் சொல்லி முடிக்கும்போது சாமிநாதன் பாதிச் சரிவைத் தாண்டிவிட்டார். பிளாஸ்க்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஒரு கையை மட்டும் ஊன்றி, சந்தனம் வியர்வையில் கரைந்து கண்ணில் வழிய ஏறினார். மற்ற இருவரும் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது அவர் வெடிப்பின் வாய்க்குள் நுழைந்திருந்தார். உள்ளே கறுத்த மண் தரை. அதற்கு அப்பால் ஒரு பெரிய கல் சரிந்து, இருட்டில் ஒரு பள்ளம் திறந்திருந்தது. அந்தப் பள்ளத்துக்குள்ளிருந்து ஒரு சின்னக் கல் எழும்பி வந்து, எதிலும் படாமல், திரும்ப விழுந்தது.

"அபீ!" என்று அலறிக்கொண்டு சாமிநாதன் காலைத் தூக்கி வைக்கப் போனார்.

"நைனா..."

குரல் என்றுகூடச் சொல்ல முடியாது. காய்ந்த இலை பாறையில் உரசுவதுபோல இருந்தது.

"மிதிக்காத நைனா... ஓரமா வா... அது அடுப்பு."

சாமிநாதன் தூக்கிய காலைக் கீழே வைக்காமல், பிளாஸ்க்கை அணைத்தபடி, ஒற்றைக் காலில் நின்று அழுதார்.